ஒரே செடியின் வழித்தோன்றல்கள்: ஐரோப்பியத் தோட்டங்களில் ஃபார்ஜீசியா முரியேலே மூங்கில் பூத்து மடிந்த நிகழ்வு

1980களின் இறுதியிலிருந்து 1990களின் இறுதி வரை, பிரிட்டன், டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் வீட்டுத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் உயிர்வேலியாகவும் தனிப் புதராகவும் நின்றிருந்த ஃபார்ஜீசியா முரியேலே என்னும் மூங்கில், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ முழுவதுமாகப் பூத்து, விதை சிந்திக் காய்ந்துபோனது. பல பத்தாண்டுகள் ஓரிடத்தில் வேரூன்றி நின்ற முதிர்ந்த புதரும், அண்மையில் தொட்டியோடு வாங்கிவந்து நட்ட சிறு செடியும் ஒன்றுபோலவே பூத்தன. உரமிட்டுப் பார்த்தவர்களும் நீர் பாய்ச்சிப் பார்த்தவர்களும் பூத்த கழைகளைத் தரையோடு வெட்டிப் பார்த்தவர்களும் கண்ட பலன் பெரும்பாலும் ஒன்றுதான். நோய் என்று முதலில் எண்ணியவர்கள் உண்டு. ஆனால் பூச்சியோ பூஞ்சையோ இதற்குக் காரணமில்லை. அந்த மூங்கிலின் வாழ்நாள் முடிந்திருந்தது.

இந்நிகழ்வை ஒரு தோட்டக்கலை இழப்பாக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆயினும் இதே பேரினத்தைச் சேர்ந்த மூங்கில்கள் சீனத்தின் மலைக்காடுகளில் பூத்து மடிந்தபோது அங்கே நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால்தான், குளிர் தாங்கும் மலை மூங்கில்களின் சூழலியல் மதிப்பும் அழகு மதிப்பும் எதன்மேல் நிற்கின்றன, எங்கே உடைகின்றன என்பது விளங்கும். மூங்கில் பூத்து மடிவது இயற்கையின் ஒழுங்கு. அது பேரிழப்பாக மாறுவது, மனிதர் அந்த மூங்கிலுக்குரிய நிலத்தையோ வகையையோ வயதையோ ஒன்றாகச் சுருக்கிவிட்ட இடத்தில் மட்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தூர்கட்டும் மலை மூங்கில்

ஃபார்ஜீசியா பேரினத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. மத்தியச் சீனத்திலிருந்து தென்மேற்குச் சீனம் வரை, பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளில், தேவதாரு, ஸ்புரூஸ், பிர்ச் போன்ற மரங்களின் நிழலில் இவை வளர்கின்றன. சிச்சுவான் பகுதியில் சமயப்பணி ஆற்றியபடியே ஏராளமான செடிகளைச் சேகரித்து பாரிசுக்கு அனுப்பிய பால் கியோம் ஃபார்ஜ் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரை, தாவரவியலர் அட்ரியன் ஃபிரான்ஷே 1893இல் இப்பேரினத்துக்குச் சூட்டினார்.

தோட்டக்காரருக்கு இவற்றின் முதல் சிறப்பு மண்ணுக்கடியில் இருக்கிறது. மூங்கிலின் நிலத்தடித் தண்டு இரண்டு வகைப்படும். ஃபில்லோஸ்டாக்கிஸ் போன்ற ஓடும் மூங்கில்களில் அது மெலிந்து நீண்டு, ஆண்டுக்குச் சில மீட்டர் கூட ஓடி, கணுவுக்குக் கணு பக்கவாட்டில் குருத்துகளை மேலே அனுப்பும். அடுத்த வீட்டுப் புல்வெளியிலும் நடைபாதையின் விரிசலிலும் முளைத்துச் சண்டையை இழுத்துவிடுவது இவ்வகைதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஓடும் மூங்கிலை அண்டை வீட்டாரின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டருக்குள் தடுப்பில்லாமல் நடக்கூடாது என்று 2013இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஃபார்ஜீசியாவில் நிலத்தடித் தண்டு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். சிறிது தூரம் சென்றதும் அதன் நுனியே மேல்நோக்கி வளைந்து கழையாகிவிடும். அடுத்த தண்டு அதன் அடிப்பக்க மொட்டிலிருந்து கிளம்பும். நெற்பயிர் தூர்கட்டுவதைப் போல, நின்ற இடத்திலேயே நெருக்கமாகப் பருத்துக்கொண்டு, புதர் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே அகலும். ஆகவே வேலியோரத்தில் நடும்போதுகூட வேர்த்தடுப்புத் தகடு புதைக்க வேண்டியதில்லை.

நெருங்கிய உறவான யூஷானியா பேரினத்தில் இதே அமைப்புத்தான், ஆனால் தண்டின் கழுத்து நீளமானது. அதனால் கழைகள் விலகி விலகி நிற்கும். நீலகிரிச் சோலைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைக்கரைகளிலும் காணப்படும் குட்டை மூங்கில்கள், 2014இல் குருணா என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டவை. அவையும் இந்தக் குளிர்மலை மூங்கில்களின் கால்வழியில் வந்தவையே. மூங்கில் என்றதும் மலையடிவார முள்மூங்கிலையே நினைக்கும் நமக்கு, பனி உறையும் உயரத்தில் வாழும் இந்தக் கிளை சற்று அயலாகத் தோன்றலாம்.

குளிரைப் பொறுத்தவரை, தோட்டங்களில் வளரும் ஃபார்ஜீசியா இனங்களில் முரியேலேவும் நிடிடாவும் சுமார் −25 பாகை செல்சியஸ் வரை தாங்குகின்றன. ரூஃபா அவற்றைவிடச் சற்றுக் குறைவாகவும், ரொபஸ்டா அதனினும் குறைவாகவும் தாங்கும். உறைபனி நாளில் இலைகள் நீளவாக்கில் சுருண்டு குழல் போலாகி நீரிழப்பைக் குறைக்கின்றன. கடும் வெயிலிலும் இதே சுருளலைக் காணலாம். பனியின் கனத்தால் கழைகள் தரையைத் தொடும் வரை வளைந்து, பனி உருகியதும் மீண்டும் நிமிர்கின்றன. மாறாக, வெப்பமும் புழுக்கமும் கூடிய சமவெளிக் கோடையில் இவை விரைவில் நலிகின்றன. சென்னையிலோ மதுரையிலோ இவற்றை வளர்க்க முயல்வது வீண்செலவு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஹூபேயிலிருந்து வந்த ஒரு செடி

எர்னஸ்ட் ஹென்றி வில்சன் என்ற ஆங்கிலேயச் செடி சேகரிப்பாளர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஆர்னால்டு ஆர்போரீட்டம் என்ற மரத் தோட்டத்துக்காக 1907இல் சீனத்துக்குச் சென்றபோது, ஹூபே மாநிலத்தின் ஃபாங்சியான் மலைப்பகுதியில் இந்த மூங்கிலைக் கண்டார். பொன்னிறம் பாயும் மஞ்சள்பச்சைக் கழைகளும் மெல்லிய இலைகளுமாக, மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வளைந்து தொங்கிய அந்தப் புதரைத் தாம் கண்ட மூங்கில்களில் மிக அழகானவற்றில் ஒன்றாக அவர் கருதினார். அதை விதையாகக் கொண்டுவர இயலவில்லை, ஏனெனில் அது பூத்திருக்கவில்லை. உயிருள்ள செடியாகத்தான் பாஸ்டனுக்கு வந்தது. அதிலிருந்து பிரித்த ஒரு பகுதி 1913இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றது. ஐரோப்பியத் தோட்டங்களில் பின்னர் பரவிய முரியேலே முழுவதும் இந்த ஒரு மூலத்திலிருந்து பிரித்துப் பிரித்து நட்டதே.

1920இல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள். வில்சனின் மகள் முரியேலின் பெயரால் அருண்டினேரியா முரியேலே என்றார். கேம்பிள் தமிழ்நாட்டுத் தாவரவியல் மாணவர்களுக்குப் புதியவர் அல்லர்: சென்னை மாகாணத்தின் வனத்துறையில் பணியாற்றியவர், பிரிட்டிஷ் இந்தியாவின் மூங்கில்களைப் பற்றி 1896இல் பெருநூல் எழுதியவர், ஓய்வுக்குப்பின் இங்கிலாந்தில் இருந்துகொண்டு சென்னை மாகாணத் தாவரத் தொகுதியை எழுதிவந்தவர். நம் மலைகளின் செடிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மேசையில், சீன மலையின் இந்த மூங்கிலும் வந்து சேர்ந்தது என்பது தற்செயல்தான் என்றாலும் நினைத்துப் பார்க்கத் தக்கது.

பூவைக் காணாமல் வைத்த பெயர் நிலைக்கவில்லை. மூங்கிலை இனம்பிரிக்கப் பூவின் அமைப்பு தேவை. அது இல்லாத நிலையில் இச்செடி அருண்டினேரியா, சினருண்டினேரியா என்று பேரினம் மாறிக்கொண்டே இருந்தது. 1979இல் அமெரிக்கத் தாவரவியலர் தாமஸ் சோடர்ஸ்ட்ராம், பூத்த மாதிரிகளை ஆராய்ந்து, இதை வேறோர் இனத்தோடு சேர்த்து தாம்னோகலாமஸ் ஸ்பதேசியஸ் என்றார். 1983இல் சீன மூங்கில் அறிஞர் யி தோங்பெய் ஃபார்ஜீசியா முரியேலே என்று மாற்றினார். இந்த வரலாற்றில் தோட்டக்காரருக்குப் பயன்படுவது ஒன்று உண்டு: பழைய பெயர்ச்சீட்டுகளில் நான்கு வெவ்வேறு பெயர்களோடு விற்கப்பட்டாலும் உள்ளே இருந்தது ஒரே செடி. பெயர் பன்மையைக் கண்டு வகைப் பன்மை இருப்பதாக மயங்கியவர்கள் இருந்திருக்கக்கூடும்.

மூங்கிலைப் பிரித்து நடுவது எளிது. வசந்தத்தின் தொடக்கத்தில் புதரின் ஓரத்தை அரிவாளாலோ ரம்பத்தாலோ பிளந்து, சில கழைகளும் மொட்டுள்ள நிலத்தடித் தண்டும் இருக்குமாறு எடுத்து நட்டால், ஓரிரு ஆண்டுகளில் அது தனிப் புதராகும். பின்னாளில் திசு வளர்ப்பு வந்தபோது இந்த வேலை ஆய்வகத்துக்கு மாறிப் பல மடங்கு விரைந்தது. எந்த முறையிலும் புதிய செடி பிறக்கவில்லை. பழைய செடியே இடம் மாறி நின்றது. ஒரே உயிர் பல நாடுகளில் பரவி நிற்பதை, அது நலமாக இருந்த வரை, எவரும் ஓர் ஆபத்தாகக் கருதவில்லை. குளிர் தாங்கியது, ஓடிப் பரவவில்லை, நிழலிலும் வளர்ந்தது, எல்லாத் துண்டும் ஒரே உயரத்துக்கு வந்தது; வணிகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பூப்பு

முதல் பூக்கள் 1970களின் நடுப்பகுதியில் டென்மார்க்கில் தென்பட்டன. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, 1980களின் இறுதியில் பெருகி, 1990களில் ஐரோப்பா முழுவதும் பரவியது. பூக்கும் புதரில் முதலில் தெரிவது குருத்துக் குறைவு. அடுத்து, இலைக்கிளைகளின் நுனிகளில் இலைக்குப் பதிலாகச் செம்பழுப்பான பூங்கதிர்கள் நிறைகின்றன. மகரந்தப் பைகள் காற்றில் தொங்குகின்றன. இலைகள் குறைந்துகொண்டே போய், புதர் வைக்கோல் நிறத்துக்கு மாறுகிறது. சேமித்த மாவுச்சத்து முழுவதும் விதைக்குப் போய்விடுவதால், மறு குருத்து விடத் தண்டில் வலு இருப்பதில்லை. ஓரிரு ஆண்டுகளில், சில இடங்களில் மூன்றாவது ஆண்டில், கதை முடிகிறது.

நீண்ட இடைவெளியில், ஒரே காலத்தில் பூத்து மடியும் இந்த இயல்பு மூங்கில் குடும்பத்தின் பல கிளைகளில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் பூத்து மூங்கிலரிசி கொட்டும் ஆண்டுகளையும், மிசோரமில் 1959இலும் 2007ஐ ஒட்டியும் மூங்கில் பூத்து எலிகள் பெருகிப் பயிரழிந்ததையும் நாம் அறிவோம். விதை தின்னும் எலியும் பறவையும் தின்றுதீர்க்க முடியாத அளவுக்கு விதையை ஒரே பருவத்தில் கொட்டி, எஞ்சியதை முளைக்க வைப்பதே இதன் பயன் என்று அமெரிக்கச் சூழலியலர் டேனியல் ஜான்சென் 1976இல் விளக்கினார். பூக்கும் காலத்தை நிர்ணயிப்பது கழையின் வயதோ புதரின் பருமனோ அல்ல. விதையிலிருந்து அந்தக் கால்வழி முளைத்து எத்தனை ஆண்டாயிற்று என்பதே. பிரித்து நட்டாலும், கண்டம் தாண்டிக் கொண்டுபோனாலும், கண்ணாடிக் குழாயில் வளர்த்தாலும் அந்தக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. இதனால்தான் தொட்டியிலிருந்த சிறு செடியும் முதிர்ந்த புதரோடு சேர்ந்து பூத்தது.

முரியேலேவின் சுழற்சி 80 முதல் 110 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வில்சன் கண்டபோது அது ஏற்கெனவே வளர்ந்த புதராக இருந்ததால், இதில் துல்லியத்துக்கு இடமில்லை. நிடிடாவின் கதை இந்த வகையில் தெளிவானது. ரஷ்யப் பயணி கிரிகோரி பொத்தானினின் பயணக்குழு 1886இல் சீனத்தின் வடமேற்கு மலைகளில் அதை விதையாகச் சேகரித்தது. விதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று, அங்கிருந்து இங்கிலாந்தின் தோட்டங்களுக்கு வந்தது. அதன் வழிவந்த செடிகள் 1993இல் பூக்கத் தொடங்கி, 2002 முதல் 2005 வரை ஐரோப்பாவில் பெருவாரியாகப் பூத்து மடிந்தன. விதையிலிருந்து பூ வரை 110 முதல் 120 ஆண்டுகள் என்று கணக்கு நேராகச் சொல்ல முடிகிறது. முரியேலே காய்ந்த இடத்தில் நிடிடாவை நட்டவர்கள், ஒரே தலைமுறையில் இரண்டாவது முறையும் வேலியை இழந்தார்கள்.

இதில் பிழை செடியினுடையது அன்று. ஒரு காட்டில் ஓர் இனம் மடிந்தால் அருகே வேறு இனமோ, அதே இனத்தின் வேறு தலைமுறையோ நிற்கும். தோட்டத்திலோ, நான்கு நாடுகளின் வேலிகள் அனைத்தும் ஒரே உயிராக இருந்தன.

மலையில் நடந்தது

சிச்சுவான், ஷான்சி, கான்சு மலைகளில் மூங்கில் காட்டின் கீழடுக்கை நிரப்புகிறது. செங்குத்தான சரிவுகளில் அதன் வேர்ப்பின்னல் மேல்மண்ணைப் பிடித்து வைக்கிறது. அடர்ந்த இலைக்கூரை மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. ராட்சத பாண்டா, சிவப்பு பாண்டா, வேரைக் குடைந்து தின்னும் மூங்கில் எலி, குளிர்காலத்தில் இலையைக் கடிக்கும் டாக்கின் என்ற மலைமாடு, மூங்கில் புதரைவிட்டு அகலாத மூவிரல் கிளிமூக்குச் சிட்டு எனப் பல உயிர்கள் இந்த அடுக்கைச் சார்ந்துள்ளன. ராட்சத பாண்டா நாளொன்றுக்கு 12 முதல் 38 கிலோ வரை மூங்கில் தின்கிறது; அதில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்குச் செரிப்பதில்லை. எனவே அது எப்போதும் சத்து மிக்க பகுதியைத் தேடி மலையில் ஏறி இறங்குகிறது. ஷான்சியின் சின்லிங் மலைகளில் பாண்டாக்கள் ஆண்டின் பெரும்பகுதியைத் தாழ்ந்த சரிவுகளின் பாஷானியா ஃபார்ஜெஸி மூங்கிலில் கழித்துவிட்டு, கோடையில் உயரத்திலுள்ள ஃபார்ஜீசியா சின்லிங்கென்சிஸ் புதர்களுக்கு ஏறிச் செல்கின்றன. ஆக, பாண்டாவின் உணவு ஒரு மூங்கிலில் அடங்குவதில்லை. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு காலத்தில் குருத்துவிடும் பல மூங்கில்களின் வரிசையே அதன் உணவு.

1970களின் நடுப்பகுதியில் சிச்சுவான், கான்சு எல்லையிலுள்ள மின்ஷான் மலைத்தொடரில் ஃபார்ஜீசியா டெனுடாட்டா உள்ளிட்ட மூங்கில்கள் பெரும் பரப்பில் பூத்து மடிந்தன. அதைத் தொடர்ந்து குறைந்தது 138 பாண்டாக்கள் இறந்துகிடந்தன என்று பதிவாகியுள்ளது. பாண்டா போன்ற உயிரி பல ஆயிரம் ஆண்டுகளாக மூங்கில் பூப்பைக் கண்டு வந்ததுதான். முன்பெல்லாம் ஒரு சரிவில் மூங்கில் மடிந்தால் அடுத்த பள்ளத்தாக்குக்கோ தாழ்ந்த சரிவுக்கோ அது போயிருக்கும். மின்ஷானில் தாழ்ந்த சரிவுகள் வயலாகவும் மரம்வெட்டும் நிலமாகவும் மாறியிருந்தன. மேலே ஒரு மூங்கில், கீழே ஒன்றுமில்லை என்ற நிலையில் பூப்பு வந்தது.

சிச்சுவானின் வோலோங் பாண்டா காப்பகத்தில் 1983இல் நடந்தது இதற்கு நேர்மாறான சான்று. அங்கே அமெரிக்க விலங்கியலர் ஜார்ஜ் ஷாலரும் சீன விலங்கியலர் ஹூ ஜின்ச்சூவும் தலைமையேற்ற ஆய்வுக்குழு 1980களின் தொடக்கத்திலிருந்தே பாண்டாக்களைப் பின்தொடர்ந்து வந்ததால், பூப்புக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது பதிவாகியது. 2,600 மீட்டருக்கு மேலே பரவியிருந்த பாஷானியா ஃபாங்கியானா பூத்து மடிந்தது. அது தூர்கட்டும் மூங்கில் அன்று, ஓடிப் பரவும் வகை. அதற்குக் கீழே, 1,600 முதல் 2,650 மீட்டர் வரை, தூர்கட்டும் ஃபார்ஜீசியா ரொபஸ்டா பூக்காமல் நின்றது. ஆண்டுதோறும் வசந்தத்தின் இறுதியில் அதன் தடித்த குருத்துகளைத் தின்னப் பாண்டாக்கள் கீழே இறங்குவது வழக்கம். பூப்புக்குப்பின் அவை அங்கே நீண்ட காலம் தங்கத் தொடங்கின. மேலே பிழைத்த சிறு திட்டுகளையும் தேடிக்கொண்டன. வோலோங்கில் மின்ஷான் அளவிலான பட்டினிச்சாவு நேரவில்லை.

ஆனால் மின்ஷானின் நினைவு பொதுமக்களிடமும் அதிகாரிகளிடமும் ஆழப் பதிந்திருந்ததால், பட்டினியிலிருந்து காப்பதாகப் பாண்டாக்களைப் பிடித்துச் செல்லும் நாடு தழுவிய மீட்பு இயக்கம் தொடங்கியது. பிடிக்கப்பட்ட பாண்டாக்களில் பல மீண்டும் காட்டுக்குத் திரும்பவில்லை. மூங்கில் பூப்பைவிட அந்த ஆண்டுகளின் பொறிகளும் கள்ள வேட்டையும் காடழிப்புமே பாண்டாவுக்குப் பெரிய கேடு என்று ஷாலர் வலியுறுத்தி வந்தார். பின்னர் வந்த தரவுகளும் அதையே காட்டுகின்றன. 1980களின் இரண்டாவது தேசியக் கணக்கெடுப்பில் 1,114 பாண்டாக்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. 1998இல் இயற்கைக் காடுகளில் மரம்வெட்டுவது தடைசெய்யப்பட்டு, காப்பகங்கள் பெருகிய பின், 2015இல் வெளியான நான்காவது கணக்கெடுப்பு 1,864 என்றது. கணக்கெடுக்கும் முறை மாறியதால் இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆயினும் போக்கு ஐயத்துக்கு இடமற்றது. இடைக்காலத்தில் மூங்கில்கள் பூப்பதை நிறுத்திவிடவில்லை.

பூத்து மடிந்த மூங்கிலுக்குக் கீழே காடு என்ன செய்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதி. ஆலன் டெய்லர், சின் சீஷெங் என்ற ஆய்வாளர்கள் வோலோங்கின் தேவதாரு, பிர்ச் காடுகளில் 1980களில் செய்த ஆய்வுகள், அடர்ந்த மூங்கில் கீழடுக்கு மரக்கன்றுகளை நெருக்கி வைத்திருப்பதைக் காட்டின. பழைய மரம் ஒன்று விழுந்து வானம் திறந்தாலும், அந்த ஒளியை முதலில் பறித்துக்கொள்வது மூங்கில்தான். மூங்கில் கூட்டமாக மடியும்போது தரைக்கு ஒளி வருகிறது. மூங்கிலின் விதைநாற்றுகள் மீண்டும் தலைக்கு மேல் வளர ஏறத்தாழ பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் தேவதாரு, பிர்ச் கன்றுகள் தலையெடுத்துவிடுகின்றன. காட்டின் மரத்தலைமுறை மூங்கிலின் பூப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கிறது. மூங்கில் என்றென்றும் பசுமையாக நின்றால் மேலடுக்கு மெல்ல மெலிந்துபோகும் என்று கூடச் சொல்லலாம். பாண்டாவுக்கு நிழலும் குட்டி ஈன முதுமரப் பொந்தும் வேண்டும். அவற்றைத் தருவது மரங்கள். அந்த வகையில் மூங்கிலின் சாவு, சில பத்தாண்டுகள் கழித்துப் பாண்டாவின் வாழ்வுக்கே பயனாகிறது.

ஐரோப்பாவில் முரியேலே மடிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், அதன் தாயகமான ஹூபேயின் ஷென்னோங்ஜியா மலைகளிலும் அதே இனம் பூத்தது. கடல்கடந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்தும் கால்வழியின் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. அங்கே புதிய தலைமுறை தானே முளைத்தது. பாஸ்டன் வழியாக வந்ததற்கு அந்த வாய்ப்பை மனிதர் கொடுக்க வேண்டியிருந்தது.

புதிய காலத்தின் கவலை வேறு. பூப்பு ஒரு சரிவைக் காலி செய்யும், மீண்டும் நிரப்பும். வெப்பநிலை உயர்வு சரிவையே மூங்கிலுக்கு ஒவ்வாததாக்கிவிடும். சின்லிங் மலைகளின் மூன்று முக்கிய மூங்கில்களும் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் தம் வாழிடத்தின் பெரும்பகுதியை இழக்கக்கூடும் என்று 2013இல் வெளியான, கணினி மாதிரிகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு கணித்தது. பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே விதை இடும் செடியால், மாறும் வானிலையைத் தொடர்ந்து மேல்நோக்கி நகர இயலாது. இங்கே மனிதர் உதவ வேண்டியது மலையின் மேற்சரிவுகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பதில்தான்.

மீண்டும் நட்டவர்கள்

மடிந்த முரியேலே ஏராளமாக விதைத்தது. ஒரே செடியின் பிரிவுகளாக இருந்தும் அது தன் மகரந்தத்தாலேயே விதை பிடித்தது தோட்டக்காரர்களின் நல்லூழ். காய்ந்த புதரை உடனே தோண்டி எறியாமல் ஓராண்டு விட்டு வைத்தவர்கள், அதன் அடியில் புல்லைப் போல முளைத்த நாற்றுகளைக் கண்டார்கள். பிரித்து நட்டவற்றுக்கு இல்லாத ஒன்று இந்த நாற்றுகளுக்கு இருந்தது: வேறுபாடு. சில குட்டையாகவும் அடர்த்தியாகவும், சில உயரமாகவும், சில அகன்ற இலையோடும் வளர்ந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவையே இன்று சிம்பா, ஜம்போ முதலிய பெயர்களில் விற்கப்படுகின்றன. சிம்பா இரண்டு மீட்டர் அளவில் நின்றுவிடும் குட்டை வகை, ஜம்போ வேலிக்கேற்ற உயர வகை. நிடிடாவிலும் இதுவே நடந்தது. தாயகத்தில் 1970களில் நடந்த பூப்புக்குப் பின் முளைத்த இளஞ்செடிகள், 1980களில் சிச்சுவானின் ஜியுஜைகோ பள்ளத்தாக்கிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தன. மெல்லிய செந்நிறக் கழைகள் கொண்ட அவை, பொத்தானின் காலத்து நிடிடா மடிந்தபோது பூக்காமல் நின்றன.

அழகைப் பொறுத்தவரை இப்போது தேர்வு முன்பைவிட விரிந்தது. நிடிடா கருஞ்செம்மை கலந்த மெல்லிய கழைகளோடு நீரூற்றைப் போல மேலெழுந்து வளைகிறது; அதன் கழைகள் முதலாண்டில் கிளையே இல்லாமல் நேராக நின்று, மறு ஆண்டில்தான் இலை விரிக்கும்; பகலின் நேர்வெயில் அதற்கு ஆகாது. முரியேலே சற்று வெயிலையும் ஏற்கும். இலையுதிர் காலத்தில் இலைகளில் ஒரு பங்கு பொன்னிறமாகி உதிர்வதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ரொபஸ்டா மற்றவற்றுக்கு முன்பே, குளிர் முழுமையாக விலகுமுன்பே குருத்துவிடும். வெளிர்நிறக் குருத்துறைகள் பச்சைக் கழைமேல் கட்டம் கட்டமாகத் தெரிவது அதன் தனி அழகு. வேலிக்கு மிகப் பொருத்தம். ரூஃபா செம்பழுப்புக் குருத்துறைகளோடு அகன்று தாழ்ந்து வளரும். வெயிலையும் வெப்பத்தையும் இவற்றில் கூடுதலாகப் பொறுப்பது அதுவே.

பராமரிப்பில் பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். வேர் மேலாகவே பரவுவதால் முதல் இரண்டு கோடைகளில் மண் காயவே விடக்கூடாது. குளிர்காலத்தின் உலர்காற்றும் உறைந்த மண்ணும் சேர்ந்தால் பனியைவிட அதிகக் கேடு செய்யும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளாமல் புதரடியிலேயே விட வேண்டும். மூங்கில் மண்ணிலிருந்து எடுக்கும் சிலிக்கா அவற்றின் வழியே திரும்புகிறது. வேலிக்கு ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளி போதும்.

வணிகம் பாடம் கற்றதா என்றால் பாதிதான். சிம்பாவும் ஜம்போவும் திசு வளர்ப்பில் பெருகி, மீண்டும் ஆயிரக்கணக்கான தோட்டங்களில் ஒற்றை உயிர்களாக நிற்கின்றன. அவற்றின் தாய்நாற்றுகள் பெரும்பாலும் ஒரே பூப்பு அலையில் பிறந்தவை. ஆகவே சுழற்சி பழையபடியே இருந்தால் இந்நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ அவை ஏறத்தாழ ஒன்றாகவே பூக்கும். இன்று நடுபவருக்கு இது கவலையே இல்லை என்பது உண்மை. ஆனால் நூறு மீட்டர் நீள வேலியோ நகரப் பூங்காவோ நடும் தோட்டத்துறையினர், ஒரே வகையை வரிசையாக வைப்பதைவிட, நாற்றிலிருந்து வளர்த்த முரியேலே, ஜியுஜைகோ நிடிடா, ரொபஸ்டா, ரூஃபா எனக் கலந்து நடுவது மேல். உயரமும் பச்சையின் சாயலும் ஒன்றுபோல இராது. ஒரு வகை மடியும் ஆண்டில் மற்றவை மறைப்பாக நிற்கும், மடிந்ததன் இடைவெளியில் அதன் நாற்றுகளும் ஒளி பெறும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, செடியின் உயரம் எவ்வளவு என்பதைவிட, அதன் தாய் எந்தப் பூப்பில் விதையாகி முளைத்தது என்பதே. விற்பவர் அந்த ஆண்டைப் பெயர்ச்சீட்டில் அச்சிட்டுத் தருவதில் பெரிய செலவு ஏதும் இல்லை.